மாமாவின் படமும் இரண்டு ஸ்பீக்கர்களும்

கனடாவிலுள்ள மைத்துனர் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை அனுப்பிய நாளிலிருந்து எனக்குப் பின்னேரங்களில் ஓய்வில்லை. படிப்பித்துக் களைத்து உடுவிலிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தால், கணவர் என்னை ஹோலில் ஒரு கதிரையில் இருத்திவிட்டுப் பெட்டிகளை அங்குமிங்கும் நகர்த்துவார்.

"இஞ்சரும், இப்ப எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

எங்கே வைத்தாலும் அதுதான் என் பதில். எழுந்து போனால் போதும் என்றிருக்கும்.

எதிர்ச்சுவர்தான் சரியான இடம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அங்கே காலமான மாமாவின் படம் மாலையோடு தொங்குகிறது. "அப்பான்ரை படத்தடியிலை பாட்டுப் பெட்டி வைக்கிறதோ?" என்று சொல்லி, என் கதிரையை ஒட்டியிருந்த கண்ணாடி அலுமாரிக்கு மேலே அவற்றை ஏற்றினார். அதையும் நல்லா இருக்கு என்றேன்.

அன்று தவில் கச்சேரி ஒன்றைப் போட்டிருந்தார். பால் பொங்கும் மணம் வர, குசினிக்கு ஓடினேன். பின்னால் பெரிய சத்தம் கேட்டது. அதிர்வில் மெல்ல மெல்ல விளிம்புக்கு நகர்ந்த பெட்டி ஒன்று, நான் இருந்த கதிரையில் விழுந்து கிடந்தது.

கணவர் விழுந்த பெட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு, "நீர்தானே நல்லா இருக்கெண்டு சொன்னனீர்" என்றார். சண்டை பிடிக்க எனக்குத் தெம்பிருக்கவில்லை.

மறுநாள் நானே மற்றப் பெட்டியையும் இறக்கி, இரண்டையும் மாமாவின் படத்துக்கு இரு பக்கமும் நிலத்தில் வைத்தேன். இப்போது அவர் "எப்பிடி?" என்று கேட்டால், முதலில் எழுந்து பெட்டி அசைகிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். சத்தம் எப்படியென்று மாமாவிடமே கேட்கச் சொல்லிவிடுகிறேன்.