நாப்பதக்காவும் கறுப்புத் தண்ணீரும்

குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசும் பட்டறை அது. முதலாளியின் கூடப்பிறந்த அக்காதான் அங்கே கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறார். பட்டறையில் அவருக்குப் பெயர் நாப்பதக்கா. யார் அவசரப்படுத்தினாலும் "நாப்பது நிமிஷம் ஆகட்டும்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

குழாய்களை அலசிய தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். அதில் கரைந்திருக்கும் நிக்கல் கண்ணுக்குத் தெரியாது. அக்கா அதில் ஒரு கறுப்புப் பொடியைக் கொட்டிக் கலக்குவார். தண்ணீர் மைபோல ஆகும். நாற்பது நிமிடத்தில் பொடி நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மின்காந்தத்தை இறக்கினால், பொடி மொத்தமும் அட்டைபோல் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். எத்தனை முறை பார்த்தாலும் அக்காவுக்கு அந்த இடத்தில் மட்டும் முகம் மலர்ந்துவிடும்.

பொடி வருவதற்கு முன் இரண்டு சோதனையில் தண்ணீர் தோற்றிருந்தது. மூன்றாவதிலும் தோற்றால் பட்டறையை மூடிவிடுவார்கள். பதினெட்டுப் பேருக்கு வேலை போகும்.

மூன்றாவது சோதனைக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தபோது, பொடி கொட்டிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, தார் மாதிரி இருக்கு?"

முதலாளித் தம்பி ஓடிப்போய்க் காந்தத்தின் பட்டனை அமுக்கினார். காந்தம் இறங்கியது. தண்ணீர் தெளிந்தது.

"பாத்தீங்களா சார், பளிங்கு!"

அதிகாரி ஒரு பாட்டில் நிரப்பினார்.

"சார், அது இன்னும் ஆகல" என்றார் அக்கா.

"அக்கா, கொஞ்சம் வாய மூடுறியா?"

"நீ மொதல்ல பட்டன்ல கை வெக்காம இருந்திருக்கணும்."

"நல்லாத்தானம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

"பொடி போடுறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் சார் இருந்துச்சு. இன்னும் முப்பது நிமிஷம் வேணும்."

"எனக்கு இன்னும் மூணு எடம் போகணும்."

"போயிட்டு வாங்க சார். தண்ணி எங்கயும் ஓடிடாது."

இத்தனை வருட வேலையில், தெளிந்த தண்ணீரை எடுக்காதே என்று அதிகாரியிடம் யாரும் சொன்னதில்லை. கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்துவிட்டார். அக்கா காந்தத்தை நிறுத்தினார். பொடி மறுபடி தண்ணீரில் விழ, தொட்டி கறுத்தது. முப்பது நிமிடம் கலக்கினார். தம்பி முப்பது நிமிடம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

மறுபடி காந்தம் இறங்கித் தண்ணீர் தெளிந்ததும், அதிகாரி இரண்டாவது பாட்டிலையும் நிரப்பினார். முதல் பாட்டிலில் 'பாதியில் எடுத்தது' என்றும், இதில் 'முடிந்தபின் எடுத்தது' என்றும் எழுதி ஒட்டினார்.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. முதல் பாட்டிலில் நிக்கல் அனுமதித்த அளவைப்போல நான்கு மடங்கு. இரண்டாவது தேறிவிட்டது. பட்டறை தொடரலாம்.

தம்பி அறிக்கையை இரண்டு தரம் படித்தார். தொட்டிப் பக்கம் வந்து நின்றார்.

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா என்னாயிருக்கும்க்கா?"

"கதவச் சாத்தியிருப்பாங்க. தள்ளு, பொடி போடணும்."

தம்பி நகரவில்லை. பொடி மூட்டையை அவரே தூக்கினார்.