“பயமா இருக்கு, ஏறுங்க” என்றவர்

புதன்கிழமை காலை வடகவுஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. கொடைக்கானல் ஸ்டாண்டுக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் ஒரு வாசலில் நிற்கவே மாட்டார்கள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இறக்கக் கை வரவில்லை. வந்த டிரைவர் தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, “டீச்சரம்மா, முத்தையா அண்ணன் வெள்ளனே தவறிட்டாருங்க. அக்கா ஒங்களைக் கூட்டியாரச் சொன்னாங்க” என்றார்.

முத்தையா என் அக்காவின் கணவர். பதினைந்து வருடங்களுக்கு மேல் கொடைக்கானலில் டாக்சி ஓட்டியவர். கருமாதியன்று வாசிக்க நாலு வரி எழுதித் தரும்படி ஸ்டாண்டு நண்பர்கள் கேட்டார்கள். பால்வாடி டீச்சர் என்றால் எதையும் எழுதிவிடுவாள் என்ற நம்பிக்கை. எழுதுகிறேன். ஆனால் அஞ்சா நெஞ்சர் என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. அத்தான் பயந்தாங்கொள்ளி. அவரை அறிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அறியாதவர்கள் அவசரப்படாமல் முழுவதும் படிக்க வேண்டும்.

அவர் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். எழுபதுகளின் தொடக்கத்தில் கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அங்கே தோட்டத்து லாரி ஓட்டியிருந்தார். அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்று எங்கள் அப்பா, மாப்பிள்ளையின் தைரியத்தைச் சபைக்குக் காட்டும் எண்ணத்தில், “மலையில லாரி ஓட்டியிருக்கீங்களே, பயமே இருக்காதோ?” என்று கேட்டார்.

“பயமாத்தாங்க இருக்கும்” என்றார் அத்தான்.

அப்பாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஓர் ஆண்பிள்ளை சபையில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அக்காவுக்கு அந்தப் பதிலாலேயே அவரைப் பிடித்துப்போனது என்று பிறகு சொன்னாள்.

கொடைக்கானலில் அவருக்கு ‘பிரேக் முத்தையா’ என்று பெயர் வைத்தார்கள். வட்டக்கானல் பக்கம் மேகம் இறங்கிவிட்டால் வண்டியை ஓரம்கட்டி, “ரோடு தெரியலைங்க, பயமா இருக்கு” என்று சவாரிக்காரர்களிடமே சொல்லிவிடுவார். சிலர் கோபித்துக்கொண்டு இறங்கி வேறு வண்டி பிடிப்பார்கள். கொழுந்தியாள் என்ற உரிமையில் நானும் விடுவதில்லை. “அத்தான், ஒங்க வண்டியில ஆக்சிலேட்டர் இருக்கா, கழட்டி வித்துட்டீங்களா?” என்பேன். “இருக்கு சரசு. அதுவும் பயந்துபோய் ஒரு ஓரமாக் கெடக்கு” என்பார்.

இனி நான் சொல்ல வேண்டியது ஓர் ஐப்பசி மாதத்துக் காலையைப் பற்றி. என் மகன் முருகேசுவுக்கு அப்போது நடக்கத் தொடங்கிய வயது. மூன்று நாளாகச் சளி. விடிந்தபோது மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. தொடர்மழையில் பஸ் வரவில்லை. போஸ்டாபீஸ் போனில் சொல்லிவிட்டதும் அத்தான் வந்து சேர்ந்தார். நானும் என் வீட்டுக்காரர் தங்கவேலுவும் பிள்ளையோடு ஏறினோம். பழனி ஆஸ்பத்திரிக்கு மலையிறங்க வேண்டும்.

சவரிக்காடு தாண்டி ஒரு வளைவில் முன்பக்கமிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்த வளைவிலும் வந்தது. அத்தான் கண்ணாடியை இறக்கினார். சாரல் உள்ளே அடித்தது.

“பிள்ளைக்கு ஆகாதுண்ணே, ஏத்துங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“கொஞ்சம் பொறு சகல. திருப்புறப்ப மட்டும் கத்துது. நேராப் போறப்ப இல்ல.”

மலையை ஒட்டி வண்டியை நிறுத்தினார். நின்ற நிலையிலேயே ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அப்போதும் கீச். “சக்கரம் உருளாமலே கத்துது. அப்ப பிரேக்கும் இல்ல, பேரிங்கும் இல்ல. திரும்புற எடத்துலதான் இருக்கு” என்றார். என் மடியில் முருகேசு கத்திக் கத்தி அழுதுகொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு அத்தான் ஈரத்தில் குப்புறப் படுத்துச் சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டார். காதை நம்ப முடியாது, எந்தப் பக்கச் சத்தமும் எல்லாப் பக்கமும் கேட்கும் என்றார். “திருப்பு” என்றார். இடது சக்கரத்தில் ஒன்றுமில்லை. வலது சக்கரத்தில் கையை வைத்தவர் சுட்டுக்கொண்டவர்போல் இழுத்துக்கொண்டார். மறுபடி வைத்துப் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

“கிங் பின்னு. அதை அச்சா வச்சுத்தான் சக்கரம் திரும்புது. மழைத் தண்ணி போய் கிரீஸைக் கழுவி விட்டிருக்கு. கையில நறநறங்குது. முறிஞ்சா சக்கரம் மடங்கிரும் சகல.”

சாலையின் மறுபக்கம் எங்கே முடிகிறது என்று மூவரும் பார்த்தோம். மேகம்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் சும்மா நிற்கத் தெரியாத மனிதர். என் பையிலிருந்து, பிள்ளைக்கு உச்சியில் வைக்கும் விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் கவிழ்த்தார். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினார். சத்தமில்லை. இன்னொரு முறை திருப்பினார். இல்லவே இல்லை. “சரியாப் போச்சுண்ணே! வெரசா ஏறுங்க” என்றார். எனக்கும் உயிர் வந்தது.

அத்தான் ஏறவில்லை. “எண்ணெய் உள்ள எறங்கலை சகல, மேலதான் நிக்கிது. கோளாறு அங்கனயேதான் கெடக்கு, சத்தம் மட்டும் போயிருச்சு. இதுவரைக்கும் அது கத்துறதை வச்சு எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்கிட்டிருந்தேன். இனி எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். வேறு வண்டி ஏதாவது மேலேயிருந்து வரும், காத்திருப்போம் என்றார்.

காத்திருந்தோம். எதுவும் வரவில்லை. மழை சற்று விட்டது. அப்போதுதான் முருகேசு அழுகையை நிறுத்தினான். “அப்பாடா, தூங்கிட்டான்” என்றார் என் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தான் குனிந்து பிள்ளையின் சட்டையை விலக்கிப் பார்த்தார். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. “தூங்கலை சரசு. அழத் தெம்பில்லை” என்றார்.

அவர் ஒரு தடவை சக்கரத்தைப் பார்த்தார், ஒரு தடவை பிள்ளையைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. ஏறுங்க” என்றார்.

மலையிறங்கியது முழுவதும், ரோட்டில் நம் பக்கமானாலும் எதிர்ப்பக்கமானாலும் மலையை ஒட்டியே ஓட்டினார். மடங்கினால் பாறையில் முட்டட்டும் என்ற கணக்கு. எதிரே வருபவருக்காக ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. முதல் கியரில் ஊர்ந்தோம். “பிள்ளை உள்ளங்காலைக் கிள்ளு சரசு. அழ வை. சக்கரம் பேச மாட்டேங்குது, அவன் சத்தமாவது என் காதுல விழணும்” என்றார். ஒவ்வொரு வளைவுக்கும் கிள்ளினேன். பெற்ற பிள்ளையைக் கிள்ளிவிட்டு அவன் முனகலுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். முனகல் வந்தால் அடுத்த வளைவு. வராவிட்டால் அத்தான் திரும்பிப் பார்க்காமலே, “இன்னும் அழுத்திக் கிள்ளு” என்பார். அவர் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவர் தாடை ஆடுவது தெரிந்தது. வாய்விட்டு அழுதுகொண்டுதான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை நான் முடிக்க விடவில்லை. அத்தான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பழனியில் ஒரு மெக்கானிக் சக்கரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். “இதுக்கா இந்தப் பாடு? இன்னும் ஒரு மாசம் ஓடியிருக்குமே” என்றாராம். ஸ்டாண்டு நண்பர்களே, இதைச் சொல்லிப் பல வருடம் அவரைக் கேலி செய்திருக்கிறீர்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் ஆத்திரமாக வரும். ஒரு மாதம் ஓடும் என்று தெரிந்திருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டியிருப்பார்கள். அவர், அடுத்த வளைவில் மடங்கிவிடும் என்று நம்பிக்கொண்டு ஓட்டினார்.

அவர் தவறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நெஞ்சில் நீர் கோத்துச் சாய்ந்தே படுத்திருந்தார். அக்கா கஞ்சி எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி, “பயமா இருக்கு சரசு” என்றார். வழக்கம்போல் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. தைரியமாக இருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அவரிடம் அதைச் சொல்வது அநியாயமாகப் பட்டது. “எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தான்” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். மேகம் இறங்கி, சுமந்து போனவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகும் முருகேசு, எல்லோரையும் முந்திக்கொண்டு அத்தானின் கால்மாட்டில் ஒட்டி நடந்தான்.

அத்தான், பயமா இருக்கு என்று சொன்ன வாயால் எப்போதும் எங்களை ஏறச் சொல்வீர்கள். இந்த ஒரு பயணத்துக்கு யாரையும் ஏறச் சொல்லவில்லை. தனியாகவே போய்விட்டீர்கள். மெதுவாகவே போங்கள்.