மேகத்துக்குக் கீழே ஒரு மலையூர்

ஹனோவரில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த இரண்டாம் ஆண்டில், விடுதியில் என் அடுத்த அறைக்கு ஜாவாவிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். தோட்டக்கலை படிக்க வந்தவள். ஊரில் கணவரும் நான்கு வயது மகளும் இருந்தார்கள். பொதுச் சமையலறையில் அவள் மிளகாய் அரைக்கும் வாசனைக்கு நான் கதவைத் திறந்துகொண்டு போனேன். அன்றிலிருந்து சேர்ந்தே சமைத்தோம். ஆங்கிலத்தில்தான் பேசுவோம். வார்த்தை கிடைக்காத இடத்தில் ஆளுக்கொரு அரைகுறை ஜெர்மன்.

அவளுடைய ஊர் ஓர் எரிமலையின் சரிவில் இருந்தது. முட்டைக்கோசும் மிளகாயும் புகையிலையும் விளையும் ஊர். வீட்டுக்கு வீடு கறவை மாடு. புல் அறுக்க மேலே ஏறுவார்கள், பாலை விற்கக் கீழே இறங்குவார்கள். மலை புகைவதைப் பற்றி அவள் பேசும்போது, எங்கள் ஊரில் வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

அந்த வசந்தத்தில் மலை வழக்கத்தைவிட அதிகமாகப் புகைய ஆரம்பித்தது. மாமியார் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கீழே முகாமுக்குப் போய்விட்டார். மாடுகளை விட்டு வர மனமில்லாமல் கணவர் மட்டும் மேலேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் கைபேசியை எடுக்கவே இல்லை. மாமியாரிடம் கைபேசியே கிடையாது.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். வகுப்புக்கென்று கிளம்பி, டிராம் நிறுத்தம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். என் கதவைத் தட்டி, திறந்தால், "ஒன்றுமில்லை" என்று போய்விடுவாள்.

ஒருநாள் காலையில் தட்டியபோது போகவில்லை.

"நீ செயற்கைக்கோள் படம்தானே பார்க்கிறாய்? என் ஊர் அதில் தெரியுமா?"

நான் அதுவரை வட ஜெர்மனியின் வயல்களைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. ஆனாலும் அவளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். முந்தைய ஆண்டின் படம் ஒன்று தெளிவாகக் கிடைத்தது. திரையில் மலையுச்சி சாம்பல் நிறத்தில் இருந்தது. அதிலிருந்து பள்ளங்கள் விரல்களைப் போல இறங்கின. அவள் நாற்காலியில் உட்காராமல் குனிந்து, திரையைத் தொட்டுத் தொட்டுத் தேடினாள்.

"இது சந்தைக்குப் போகிற சாலை. இந்த வளைவில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். இது மூங்கில் காடு. இதற்குப் பக்கத்தில் ஊற்று, அங்கேதான் எல்லாரும் குளிப்போம். இது பள்ளிவாசல். இது..." அவள் விரல் நின்றது. வெளிர்நிறத்தில் ஒரு புள்ளி. "இது எங்கள் கூரையாக இருக்கலாம்."

பிறகு, "இப்போதைய படத்தைக் காட்டு" என்றாள்.

இருந்தவற்றில் புதிய படத்தைத் திறந்தேன். முழுக்க மேகம். ஒரு மூலையில் மட்டும் பள்ளம் ஒன்று தெரிந்தது. பழைய படத்தில் பச்சையாக இருந்த அதன் கரைகள் இதில் சாம்பல் பூத்துக் கிடந்தன. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. கண்ணாடியைத் துடைப்பதுபோல அவள் திரையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தாள். "இதை விலக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியாது என்று தலையை ஆட்டினேன்.

அங்கிருந்து நேரே யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் கடைக்குப் போனோம். நான் கறிவேப்பிலையும் தொலைபேசி அட்டையும் வாங்குகிற கடை. உள்ளே பேசுவதற்கு இரண்டு கூண்டுகள் உண்டு. அவள் ஒரு கூண்டுக்குள் போய்த் திரும்பத் திரும்ப எண்களை அழுத்தினாள்.

"என்ன பிள்ளை, ரெண்டு பேரும் இப்பிடி வாடிப்போய் வந்து நிக்கிறியள்?" என்றார் அக்கா.

நான் விஷயத்தைச் சொன்னேன். "லைனே கிடைக்க மாட்டேங்குது அக்கா. காலையிலேருந்து இவளைப் பிடிச்சு வைக்கவே முடியல."

"ஊருக்கை லைன் இல்லாட்டி, கீழை இருக்கிற டவுனிலை ஆருக்கெண்டாலும் எடுக்கச் சொல்லுங்கோ. சண்டை நேரம் நாங்களும் அப்பிடித்தான் விசாரிச்சனாங்கள். பக்கத்து ஊர் மருந்துக்கடைக்கு எடுத்து, அம்மா இருக்கிறாவோ எண்டு கேட்டிருக்கிறன்."

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் கூண்டின் கதவில் சாய்ந்து யோசித்தாள். கல்யாணத்துக்கு முன்பு கீழே சந்தையூரில் பால் வாங்கும் நிலையத்தில் வேலை பார்த்திருக்கிறாள். அந்த எண் மனதில் இருந்தது. அழுத்தினாள். யாரோ எடுத்துவிட்டார்கள்! அவள் படபடவென்று ஜாவா மொழியில் பேசி, வைத்துவிட்டு, எங்களைப் பார்த்தாள். "ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்கிறார்கள். அவர் பால் கொண்டு வரும் நேரமாம்."

"அப்ப ஆள் இருக்கிறார்!" என்றார் அக்கா. "இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

தேநீர் அப்படியே ஆறியது. அவள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாள். மறுபடி கூப்பிட்டபோது கணவரே எடுத்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் அவள் சண்டை போடுகிறாள் என்று புரிந்தது. கத்தினாள். அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தினமும் கீழே வந்துதான் போகிறாராம்" என்றாள் வெளியே வந்து. "மேலே மின்சாரம் இல்லை, கைபேசி செத்துவிட்டது. பாலை ஊற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடுவாராம். எனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று தோன்றவே இல்லையாம்."

"ஆம்பிளையள் எந்த நாட்டிலையும் ஒண்டுதான்" என்றார் அக்கா. நான் சிரித்துக்கொண்டே அதை அவளுக்குச் சொன்னேன். அவளும் சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே அழுதாள்.

"முகாம் பக்கத்தில்தானாம், மகளும் அவரோடு நின்றாள். போனில் பேச வரமாட்டேன் என்றுவிட்டாள். முகாமில் விளையாட நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்களாம்."

செய்தி கிடைத்ததும் அவள் அடங்கிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். முன்னைவிட மோசமானாள். சில வாரங்களில் மலை தணிந்தது, ஊர்க்காரர்கள் வீடு திரும்பினார்கள், கூரைமேல் கிடந்த சாம்பலை வாரிக் கொட்டினார்கள். இவள் மட்டும் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

"இப்போது எதற்கு? ஆபத்துதான் போய்விட்டதே. படிப்பு பாதியில் நிற்கிறது" என்று நான் வாதாடினேன்.

"நான் மலைக்காகப் போகவில்லை. அன்று மகள் போனில் என்னைக் கேட்டு அழுதிருந்தால்கூட நான் இங்கேயே இருந்திருப்பேன்."

அவளுடைய பேராசிரியை ஒரு வருடம் விடுப்பு கொடுத்தார். பிராங்க்பர்ட் விமான நிலையம் போகும் ரயிலில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அடுத்த அறை பூட்டியிருந்தது. அந்தக் கோடை முழுக்க எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. காரணமே இல்லாமல் ஊருக்குப் போன் செய்வேன். "எதுக்குடி இப்ப கூப்பிட்ட?" என்று அம்மா கேட்டால், சாப்பிட்டாயா என்று திருப்பிக் கேட்பேன்.

அவள் திரும்பி வரமாட்டாள் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். ஆனால் வந்தாள், மகளையும் அழைத்துக்கொண்டு. அதற்குள் எனக்கு லைப்சிக்கில் வேலை கிடைத்திருந்தது. ஒரு சனிக்கிழமை அவர்களைப் பார்க்க ஹனோவர் போனேன். அக்கா கடை வாசலில் சந்தித்தோம். மழலையர் பள்ளியில் சேர்ந்திருந்த சின்னவள், என் ஜெர்மனைக் கேட்டுவிட்டு, முகத்துக்கு நேரே திருத்தினாள். அம்மாவின் கையை ஒரு நிமிடம்கூட விடவில்லை.

"இப்போது நிம்மதிதானே?" என்று கேட்டேன்.

"எங்கே? அவர் தனியாக இருக்கிறார். மாடு ஒன்று சினையாக இருக்கிறது. மேலே மறுபடி புகைகிறது என்கிறார்கள்." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அவர் பால் நிலையத்துக்கு வரும் நேரம்" என்று சொல்லி, என்னை வாசலிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் விரைந்தாள். அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க மகள் ஓட வேண்டியிருந்தது.