கோவளத்தில் எடுத்த படங்கள்

என் அம்மாவின் கடைசிப் படங்களை அழித்தவள் நான். அந்தப் பழியைச் சுமந்தவன் என் அண்ணன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதுவும் பொய்யாகிவிடும். ஒரே ஒருவரிடம் அண்மையில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சுமை குறையவில்லை... கூடியிருக்கிறது! அதனால்தான் இப்போது உங்களிடம் வந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் சேலையூரில் குடியிருந்தோம். நான் ஏழாம் வகுப்பு. அண்ணன் சேகர் பிளஸ் டூ. அப்பா தம் அலுவலக நண்பரிடமிருந்து வாங்கிவந்த ஒரு கேமரா வீட்டில் இருந்தது. நாங்கள் அதை ஜப்பான் கேமரா என்போம். பெயர் பொறித்த தகடு எப்போதோ விழுந்துபோய், அந்த இடத்தில் பசைக் கறை மட்டும் மிஞ்சியிருந்தது. அதைத் தொட அண்ணனுக்கு மட்டுமே அனுமதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் பஸ் மாறி மாறிக் கோவளம் போனோம். அன்று அம்மாவுக்கு என்ன வந்ததோ! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்றாள். கரையேற்றிய படகில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். மீனே தொடாத குடும்பம் நாங்கள். ஆனால் மீன்காரப் பெண்களிடம் அரைமணி நேரம் விலை பேசினாள். அத்தனையையும் அண்ணன் படம் பிடித்தான்.

மறுநாள் மாலை பள்ளிவிட்டு வந்தேன். அண்ணன் டியூஷன் போயிருந்தான். அம்மா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் படங்களை உடனே பார்க்க வேண்டும். அவ்வளவுதான், வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஃபிலிமுக்குள் அம்மா சின்னச் சின்னதாக இருப்பாள் என்று நம்பினேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவின் பின்கதவைத் திறந்தேன். சுருளைப் பிரித்து வெளியே இழுத்தேன். வழவழவென்று பழுப்பு நிறம். ஒன்றுமே இல்லை! இன்னும் இழுத்தேன். எங்கும் அம்மா இல்லை. பயந்துபோய், மடங்கி நெளிந்த ஃபிலிமை உள்ளே திணித்து மூடிவிட்டேன்.

அண்ணன் வந்து குமிழைச் சுற்றி ஃபிலிமை டப்பாவுக்குள் ஏற்றினான். தாம்பரத்து ஸ்டூடியோவில் கொடுத்தான். இரண்டொரு நாளில் கருகிய நாடாவோடு திரும்பி வந்தான்.

“பூரா லைட் பட்டிருக்காம்ப்பா...”

“ரீவைண்ட் பண்ணாமலே திறந்துட்டியாடா?” என்றார் அப்பா.

“பண்ணேன்ப்பா. கொஞ்சம் டைட்டா இருந்துது. ஆனா முழுசா சுத்தினேன்.”

“முழுசா சுத்தினா எப்படிடா லைட் படும்?”

அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கழுவாத ஃபிலிமில் வெளிச்சம் பட்டால் படமெல்லாம் அழிந்துவிடும் என்பது கதவோரத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் வாயில் நாக்கு இருந்ததா இல்லையா? இருந்தது. அசையவில்லை.

அம்மாதான் சமாதானம் செய்தாள். “விடுங்க, கோவளம் எங்க ஓடிடப் போவுது? பொங்கல் லீவுல இன்னொரு தடவ போலாம்.”

பொங்கல் வந்தது. அம்மா இல்லை. மஞ்சள் காமாலை...

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலையோடு மாட்டிய படம், யாரோ உறவினர் கல்யாணத்துக் கூட்டத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. அதில் அம்மா எங்கேயோ பார்க்கிறாள். ஒவ்வொரு திவசத்தன்றும் அப்பா அதன் முன்னால் நின்று, “கோவளத்துப் படம் ஒண்ணு இருந்திருந்தா...” என்று தொடங்குவார். முடிக்கமாட்டார். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அப்பாவின் கடைசிக் காலம்வரை இது நடந்தது. ஒருமுறையாவது, “அது நான்தாம்ப்பா” என்றேனா?

அந்த அண்ணன் எனக்கு என்ன செய்தான் தெரியுமா? அம்மா போன பின், எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டுக் கேட்டுப் பின்னல் போடக் கற்றுக்கொண்டான். காலேஜ் போகும் அவசரத்திலும் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி அனுப்புவான். ஒரு பின்னல் எப்போதும் மேலே ஏறியிருக்கும். பள்ளியில் சிரிப்பார்கள். நான் அவிழ்த்ததே இல்லை. அவனுக்கு நான் பட்ட நன்றிக்கடனை எந்த வார்த்தையில் அடைப்பேன்? நன்றி பெருகப் பெருக வாய் இன்னும் இறுகிக்கொண்டது. இவ்வளவு நல்லவனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கோழைச் சாக்கு!

அப்பா போன பிறகு சேலையூர் வீட்டை ஒழித்தோம். அப்பாவின் பீரோவில் ஒரு துண்டில் சுற்றியிருந்தது அந்தக் கேமரா. கோவளத்துக்குப் பிறகு எந்தக் கேமராவையும் தொடாத அண்ணன், அதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பெருங்களத்தூரில் என் ஃப்ளாட்டுக்கு எடுத்துவந்தேன்.

இது என்ன கேமரா என்றுகூட எனக்குத் தெரியாது. பழைய கேமரா பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் படம் போட்டுக் கேட்டேன். முகம் தெரியாத மனிதர்கள் எவ்வளவு அன்பாக உதவினார்கள்! லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போல் கண்ணாடி இருக்கிறதா, உள்ளே பார்த்தால் நடுவில் உருவம் இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு, இன்ன மாடல் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். பேட்டரி வேண்டாம், வெளிச்சம் பட்டாலே ஒளியை அளக்கும் முள் நகரும். வளையத்தைத் திருப்பி இரண்டு உருவங்களையும் ஒன்றாக்கினால் படம் தெளிவு. புது ரோல் ஒன்றைப் போட்டு எடுத்துப் பார்த்தேன். வேலை செய்தது!

அண்ணன் இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறான். தொலைபேசியில் அழைத்தேன். “கோவளம் போலாம் வாண்ணா. கேமரா ஓடுது.” “இப்ப எதுக்கும்மா அது?” என்றான். பிறகு வந்தான்.

கடற்கரையில் கேமராவை அவன் கையில் கொடுத்தேன். விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. படகுகளை எடுத்தான், மீன் ஏலக் கூட்டத்தை எடுத்தான், என்னை எடுத்தான். வியர்த்த முகத்தில் பிளஸ் டூ பையனின் சிரிப்பு. அப்போதுதான் சொன்னேன்.

“அண்ணா... அன்னிக்கு ஃபிலிம கெடுத்தது நான். நீ டியூஷன் போயிருந்தப்ப திறந்து வெளிய இழுத்துப் பாத்துட்டேன்.”

அவன் கேமராவைத் தாழ்த்தினான். என்னைப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

“உனக்கு அப்ப என்ன வயசு? அத திறக்கக்கூடத் தெரியாது உனக்கு.”

“திறந்தேன்ணா. சத்தியமா.”

“இல்லம்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. குமிழ் டைட்டாச்சு. உடைஞ்சிடுமோன்னு பயந்து பாதிலயே விட்டுட்டுத் திறந்தேன். உள்ள ஃபிலிம் பளபளன்னு தெரிஞ்சுது. இன்னும் கண்ணுலயே நிக்குது.”

நடக்காததை அவன் பார்த்திருக்கிறான்! அப்பாவின் ஒரே கேள்வியும் என் மௌனமும் சேர்ந்து அவனுக்குள் ஒரு பொய் நினைவை வளர்த்துவிட்டன. டைட்டாக இருந்ததே, அது நான் மடக்கித் திணித்ததால் என்றேன். ஃபிலிமில் மடிப்புகள் இருந்தனவே என்றேன். “அது நான் முரட்டுத்தனமா சுத்தினது” என்றான். அவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

பிறகு என் தலையில் கை வைத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“எனக்காக இப்படி ஒரு பழிய உன் மேல போட்டுக்கறே பாரு... அம்மாவே வந்து ‘விடுடா’ன்னு சொன்ன மாதிரி இருக்கு. தேங்க்ஸ்ம்மா.”

எனக்கு நன்றி சொன்னான்! என்னிடம்!

வற்புறுத்தியிருக்கலாம். சண்டை போட்டாவது நம்பவைத்திருக்கலாம். ஆனால் அவன் முகத்தில் வந்திருந்த அமைதியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அது அவனுக்காகவா, எனக்காகவா? எனக்கே தெரியவில்லை.

நான் நன்றி கெட்டவள் அல்ல. அவன் மறுபடி கேமராவைத் தொடுகிறான். அதற்காக யாருக்கெல்லாமோ நன்றி சொல்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயிலேறி வருகிறான். மாடியில் நின்று ஜி.எஸ்.டி. சாலையை எடுக்கிறான், என் மகளை எடுக்கிறான். அவன் எடுத்த படங்கள் எத்தனை அழகு! பார்க்கும்போதெல்லாம் வயிறு குளிர்கிறது. அடுத்த கணமே, இத்தனை வருடங்களில் அவன் எடுக்காமல் விட்டவை எத்தனை என்று எண்ணம் ஓடுகிறது.

ரோல் முடிந்ததும் மட்டும் அவன் கேமராவை என்னிடம் நீட்டிவிடுவான்.

“நீ சுத்தும்மா. என் கைய நம்ப முடியாது.”

நான் வாங்கிச் சுற்றுகிறேன்.