நெட்டைக்கு எத்தனையாவது இடம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அது இரண்டாவது வருடம். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்டது, சொன்னதெல்லாம் விளங்கியது. ஆனால் பதில் சொல்ல அவரிடம் மிஞ்சியிருந்தவை இடது கையின் ஐந்து விரல்களும், கோபம் வந்தால் தொண்டையிலிருந்து எழும் ஒரு சத்தமும்தான்.

சிடாம் கிரியில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டு நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டேன். அதற்காகத் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தேன். எனக்கு நாற்பத்தொரு வயது, திருமணம் ஆகவில்லை. தம்பி குடும்பத்தோடு ஜொகூரில் இருந்தான். யார் வேலையை விடுவது என்ற பேச்சே எங்களுக்குள் எழவில்லை. அது ஏற்கெனவே முடிவானதுபோல நடந்துவிட்டது.

விடிந்ததும் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டுவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் திருப்ப வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். என் நாள் முழுவதும் அந்த இரண்டு மணி நேரத் துண்டுகளாகத்தான் போனது. காலையில் தொழிற்சாலை வேன் எங்கள் சாலையில் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். முன்கதவின் கம்பியைப் பிடித்தபடி அது திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி. அன்றைக்குப் பத்து மணிக்கு மெர்போக்கிலிருந்து மாமா மோட்டார் சைக்கிளில் வருவார். சொந்த மாமா இல்லை. ஒரே ரப்பர் தோட்டத்தில் அப்பா டிராக்டர் ஓட்டியபோது இவர் ரப்பர் தகடு உலர்த்தும் புகைக்கூடத்தில் இருந்தார். இருவருக்கும் குத்துச்சண்டை என்றால் உயிர், அதுவும் ஹெவிவெயிட் மட்டும்தான். வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நுழையாததால் சாம்பியன்களுக்குத் தாங்களே பெயர் வைத்திருந்தார்கள். நேராக வந்து மோதுகிறவர் ‘லோரி’. அவசரப்படாமல் இடம் பார்த்துக் கையை வைக்கிறவர் ‘வாத்தியார்’. இப்போதைய சாம்பியன் ‘நெட்டை’.

நெட்டை அதுவரை தோற்றதே இல்லை. எல்லாக் காலத்துச் சாம்பியன்களையும் வரிசையாக நிற்க வைத்தால் அவனுக்கு எத்தனையாவது இடம் என்பதுதான் அவர்களுடைய வழக்கு. மாதக் கணக்கில் அது ஓடியது. மாமா ஃபோனை பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்துச் சண்டையைப் போடுவார். நெட்டை அடித்து வீழ்த்தியவர்கள் எல்லாம் வயதானவர்கள், இல்லையென்றால் காயம் ஆறாமல் வந்தவர்கள் என்பது மாமாவின் கட்சி. அப்பா விரலைக் காட்டுவார். ஒரு சமயம் இரண்டு காட்டினார். நெட்டை ஒரு சண்டையை இழுத்து இழுத்துப் புள்ளியில் ஜெயித்த பிறகு அது மூன்றாக ஆனது. ஒரே கை என்பதால் அப்பாவின் பட்டியலில் ஐந்துக்குக் கீழே யாருக்கும் இடமில்லை. ஐந்து என்றால் ஐந்துதானா, ஐந்துக்குக் கீழே எங்கேயாவதா என்று மாமா கேட்கும்போது அப்பா பாதி வாயால் சிரிப்பார்.

அப்பாவின் விரல்கள் முழுதாக நிமிராது. இரண்டா மூன்றா என்று பார்த்தால் தெரியாது. நான் என் உள்ளங்கையை அவர் கைக்கு அடியில் வைத்தால் அத்தனை முறை அழுத்துவார். அந்த அழுத்தம் எனக்கு மட்டும்தான் பிடிபட்டது. ஆகவே வழக்கின் தீர்ப்புக்கு நான் வீடு திரும்பும்வரை மாமா காத்திருப்பார்.

அவர் இருக்கும் இரண்டு மணி நேரம் என்னுடையது. பாசாரில் காய்கறி வாங்கிவிட்டு, சாலையோரக் கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு டீ குடிப்பேன். அந்த டீயை நினைத்துக்கொண்டுதான் மற்ற ஆறு நாட்களும் போயின.

ஒரு வாரம் என் பழைய சூப்பர்வைசர் செய்தி அனுப்பியிருந்தார். தரம் பார்க்கும் பகுதியில் ஓர் இடம் காலியாகிறது, பகல் வேலை, மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றார். மூன்று மாதம் மட்டும் அப்பாவை வைத்துக்கொள்ள முடியுமா என்று தம்பியிடம் கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் டீக்கடையில் இருக்கும்போது அவன் கூப்பிட்டான். வீடு சின்னது, பிள்ளைகளுக்குப் பரீட்சை, அவன் மனைவியும் வேலைக்குப் போகிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில், “ஒங்களுக்கு என்னக்கா, புள்ளையா குட்டியா” என்றான். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டில் மாமா சூடாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார்.

“விழுந்தாத்தான்மா ஒரு ஆளு யாருன்னு தெரியும். கீழ விழணும், பத்து எண்ணுறதுக்குள்ள எந்திரிச்சு நின்னு திருப்பி அடிக்கணும். எந்திரிக்காதவன்லாம் என்ன சாம்பியன்? இவன் இன்னும் விழவே இல்ல. எப்படிலா எடம் குடுக்கறது? ஒங்கப்பாவக் கேட்டுச் சொல்லு.”

காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் கையை நீட்டினேன். அப்பா அழுத்தமாக மூன்று முறை அழுத்தினார். வழக்கத்தைவிட அழுத்தமாக.

“மாமா சொல்றதுதான் சரியாம். அஞ்சுக்குள்ளயே வரமாட்டானாம்” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. என் கையைத் தட்டிவிட்டார், பிறகு கைக்கு எட்டிய டின்னைத் தள்ளினார். மாமாவின் ஃபோன் சிமெண்டுத் தரையில் விழுந்து கண்ணாடி விரிசல்விட்டது. மாமா அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார். “சரிண்ணே, நான் வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீடு அமைதியானால் போதும் என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குத் தலைவாரி, பையோடு காத்திருந்தேன். மாமா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கூப்பிட்டால் ஃபோன் அணைத்தே கிடந்தது. பாசார் போக முடியாமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் காய்கறி வாங்கி வரச் சொன்னேன்.

அப்பா எனக்குக் கையைத் தருவதை நிறுத்திவிட்டார். வலி தலையில் என்றால் ஒன்று, காலில் என்றால் இரண்டு என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. அதைக் கேட்டாலும் கை மரக்கட்டைபோலக் கிடந்தது. அவரிடம் இருந்ததே அந்த ஐந்து சொற்கள்தான். அதிலும் ஒன்றை எடுத்துவிட்டு என் சொல்லை வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. “பொய் சொல்லிட்டேம்பா” என்று அவர் காதருகே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். காற்றாடி சுற்றும் அந்த அறையில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தோம்.

அவரைச் சமாதானப்படுத்த மத்தியானங்களில் என் ஃபோனில் நெட்டையின் சண்டைகளைப் போட்டேன். அதை மட்டும் பார்த்தார். வேறு எங்கும் போக முடியாததால் நானும் பார்த்தேன். முதலில் இரண்டு பேர் அடித்துக்கொள்வதுதான் தெரிந்தது. பிறகுதான் ஒன்று புலப்பட்டது. நெட்டை பலமாகவே அடிப்பதில்லை. எதிராளி எந்தப் பக்கம் கால் வைக்க நினைக்கிறானோ அங்கே ஒரு கையை நீட்டி நிறுத்திவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் எதிராளிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகில் மேடையின் கயிறு. அந்த இடம் வந்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

மூன்றாவது ஞாயிறு, பக்கத்து வீட்டு அக்கா தேவாலயத்திலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டு மெர்போக் போனேன். மாமா வீட்டுக்குப் பின்னால் குழாயைப் பிடித்து மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி, அண்ணனுக்கு என்ன என்றார்.

“அப்பாவுக்கு ஒன்னுமில்ல மாமா. அன்னிக்கு அவரு மூனுன்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அவர் குழாயை அடைத்தார். “ஏம்மா?”

“தெரியல. எல்லாரும் வாய மூடுனா போதும்னு இருந்துச்சு.”

மாமா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன்.

“விழுந்து எந்திரிக்காதவன்லாம் என்ன சாம்பியன்னு கேட்டேன்ல” என்றார் மெதுவாக. “யாருகிட்ட உக்காந்து என்ன பேசுறோம்னு தெரியாம பேசிட்டேன். அதுக்குத்தான் கோவப்பட்டாருன்னு நெனச்சேன். அதான் வர மொகமில்ல.”

அவர் கோபித்துக்கொண்டு வராமல் இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் வெட்கத்தில் வராமல் இருந்திருக்கிறார். ஈரச் சிமெண்டுத் தரையில் இருவரும் நின்றோம். பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “இன்னமும் மூனுதானா? வாத்தியாருக்கும் மேலயா?” என்றார்.

“அவன் கையப் பாக்காதீங்க மாமா. எதிராளி காலப் பாருங்க. போற எடமெல்லாம் கயிறாத்தான் இருக்கும்.”

“ஒங்கப்பா சொன்னாரா?”

“நான் பாத்தேன்.”

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். கட்டிலருகே நின்று, வாய் தவறிப் பேசிவிட்டதாக அப்பாவிடம் சொன்னார். அப்பா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், கொஞ்ச நேரம் விடவில்லை. அதன் பிறகுதான் என் பக்கம் கையை நீட்டினார். என் உள்ளங்கையை அடியில் வைத்தேன். மூன்று. உடனே சொல்லிவிடாமல் முதலில் அவரிடமே, “மூனுதானேப்பா?” என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்தார். மாமா உடனே மறுக்கத் தொடங்கினார். இன்றுவரை எந்த எண்ணாக இருந்தாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வெளியே சொல்கிறேன்.

தொழிற்சாலை இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. சூப்பர்வைசருக்கு முடியாது என்று எழுதக்கூட இல்லை. மாதக் கடைசி தானாகக் கடந்து போனது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு மாமா சோற்றுப் பொட்டலத்தோடு வந்தார். திருப்பிப் படுக்க வைப்பதெல்லாம் தனக்கும் தெரியும், சாயங்காலம்வரை இருக்கிறேன், எங்கே வேண்டுமானாலும் போய் வா என்றார். நான் மாமாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாசாரைத் தாண்டினேன், டீக்கடையையும் தாண்டினேன். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தேன். ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இனி எங்கே போவது என்று யோசித்தேன். ஓர் இடம்கூட நினைவுக்கு வரவில்லை. யாரைப் பார்ப்பது என்றும் தெரியவில்லை. அப்பாவைத் திருப்பும் நேரம் மட்டும் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இருவரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தேன்.