நிறுத்தச் சொன்ன மாத்திரை

என் மகளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத்தான் பிள்ளை பிறந்தது. அப்போது எனக்கு அறுபத்து நான்கு வயது. பேத்தியைக் கையில் வாங்கிய அன்றே மனம் கூட்டிக் கழித்துப் பார்த்தது. இவள் இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது எனக்கு எழுபத்தேழு. அதுவரை இருப்பேனா?

அதற்கு முன் ஆயுளைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை. ஈப்போவில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இரத்த அழுத்தத்துக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. பேத்தி வந்த பிறகுதான் சர்க்கரையும் பாலும் போட்டு ஆற்றும் தே தாரேக்கை விட்டேன், சோற்றைப் பாதியாக்கினேன், காலை நடைக்குக் கிளம்பினேன்.

நடைக்கு அழைத்துப்போனவள் என் தோழி. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது தோட்டத்து ஜனம் நாலா பக்கமும் கலைந்தது. நாங்கள் இருவரும் ஈப்போவுக்கே வந்து சேர்ந்தோம். என் கணவர் இறந்த அன்று முதலில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள்தான்.

பூங்காவில் எட்டு ஒன்பது பெண்கள் கூடுவோம். அவள் முன்னால் நின்று கையைத் தூக்கச் சொல்வாள், குனியச் சொல்வாள். என் வயதுதான் அவளுக்கும். பார்த்தால் ஐம்பதுக்கு மேல் சொல்ல முடியாது. உடற்பயிற்சி முடிந்ததும் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, கருஞ்சிவப்பாக ஏதோ குடிப்பாள். வெந்நீரில் கலக்கும் பவுடர், அவளே விற்றாள். எல்லாரும் வாங்கினோம். நரம்பைப் புதுப்பிக்கும், இரத்தக் குழாயைச் சுத்தம் செய்யும் என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டாள்.

"நீ இன்னும் பிரஷர் மாத்திரை முழுங்குறியா?"

"ஆமா. ஏன்?"

"ரெண்டையும் சேத்துச் சாப்பிட்டா பவுடர் எப்படிலா வேலை செய்யும்? நான் நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு. என்னைப் பாரு, எப்படி இருக்கேன்!"

"பயமா இருக்கு."

"நான் உனக்குக் கெடுதல் சொல்வேனா?"

மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டேன். மகளிடம் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம், ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது இடது கையில் பிடித்திருந்த குவளை நழுவியது. எடுக்கக் குனிந்தேன், இடது கால் என்னுடையதாக இல்லை. பக்கத்து வீட்டுச் சீனத்தி நான் விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வார்டில் டாக்டர், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மறந்துபோய்விட்டேன் என்றேன். மகள் என்னைப் பார்த்து அழுதாள். அவளிடமும் அதையேதான் சொன்னேன். தோழியின் பெயர் வெளியே வரக்கூடாது, நல்லது நினைத்துச் சொன்னவளைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். என் செத்த கையைத் தடவிவிட்டு, "நடுவுல பவுடர விட்டிருப்பே, அதான்" என்றாள். இருக்கலாம் என்று அதையும் நம்பினேன்.

பிறகு மகள் என்னைப் பத்து காஜா என்ற ஊரிலிருக்கும் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டாள். அங்கே அரசாங்க மருத்துவமனைக்கு மாதாமாதம் போவேன். ஒருநாள் மருந்து வாங்கும் இடத்தில், கைத்தடியோடு உட்கார்ந்திருந்தபோது, முன்வரிசையிலிருந்து எழுந்து போனவளின் பின்கழுத்தைப் பார்த்தேன். அறுபது வருஷமாகத் தெரிந்த கழுத்து. தலையைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மலாயில் உரக்கச் சொன்னாள்: இது பிரஷருக்கு, காலையில் ஒன்று, எப்போதும்போல, ஒருநாளும் விடாதீர்கள்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் பொட்டலத்தைப் பைக்குள் திணித்தாள்.

"யாருக்கு அது?" என்று கேட்டேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான்."

"நிறுத்திட்டேன்னு சொன்னியே."

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றதுலா. இல்லாட்டி யாரு வாங்குவா? அதான் மருந்துக்கு இவ்ளோ தூரம் வர்றேன்."

"எங்கிட்டயுமா?"

அவள் பையின் வாயை இழுத்து மூடினாள்.

"அந்தப் புட்டில என்ன குடிப்பே?"

"ரோசெல் பூவை ஊறவச்ச தண்ணி. பவுடர் எனக்கு ஒத்துக்கல. வயிறு எரிஞ்சிச்சு."

எங்களுக்குப் பத்து வயதிருக்கும்போது, அவள் அம்மா பால்மரக் காட்டில் ரப்பர் வெட்டும்போது வாய் கோணி விழுந்தாள். என் அப்பாதான் லாரிவரை தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த அம்மா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தாள். இந்த நோய் என்ன செய்யும் என்று, அந்தப் பூங்காவில் நின்ற அத்தனை பேரிலும், அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"ஒங்கம்மாவ நெனச்சுப் பாத்தியா?" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்று மாலை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே என்னைக் காரில் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். தோழி அன்று வரவில்லை. அங்கே கூடியிருந்த பெண்களிடம் நான் நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் உடனே டாக்டரைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் என் கைத்தடியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் ஓர் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "அவ முன்னாடியே சொல்லிட்டாம்மா. ஸ்ட்ரோக் வந்ததுல ஒனக்குக் கொஞ்சம் புத்தி கலங்கிருச்சாம். வந்து என்னமாச்சும் பேசுவ, மனசுல வச்சுக்காதீங்கன்னு."

மருந்து பற்றிச் சொன்ன பொய்யைவிட அதுதான் என்னை அடித்துப்போட்டது. 

தீபாவளிக்குத் தோழி போன் செய்தாள். மகள் போனை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். கோபம் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. என் அப்பா அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அவளைத் தவிர இனி வேறு யாரும் இல்லை. போன் மணி அடித்து நிற்கும்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.