மலை இறங்கும்போது மங்கிய கண்ணாடி

கலாதேவிக்குப் பயம் புதிதல்ல. மலேசியாவில், சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சிறுமியாக இருந்தபோதே, இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்வாள். தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாய்க்கு வந்தது. வளர்ந்த பிறகும் நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், ஊசிக்குப் பயம். அப்படிப்பட்டவள் நாற்பது வயதைத் தாண்டியபின் ஸ்டீரிங்கைப் பிடித்தாள் என்றால், அதற்குக் காரணம் அவள் கணவர் விக்னேஸ்வரனின் கண்கள்.

விக்னேஸ்வரன் கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் நோய் முதலில் இடது கண்ணை எடுத்தது. மறு வருஷம் வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அவர் வீட்டோடு உட்கார்ந்த பிறகு மலைமேல் கம்போங் ராஜாவில், பூத்தோட்டக் கொட்டகை ஒன்றில் சாமந்தியைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை கலாதேவிக்குக் கிடைத்தது. அங்கே போய்வரக் காடி, அதாவது கார், ஓட்டத் தெரிய வேண்டும். இரண்டு முறை லைசன்ஸ் பரீட்சையில் தவறினாள். மூன்றாவது முறை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி, "மக்சிக், மூச்சு விடுங்க" என்று அத்தையைக் கூப்பிடுவதுபோல் மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. மூச்சு விட்டாள். பாஸானாள்.

காடி, ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த ஒரு சின்ன வேன். அதில் இந்த ஊர்க் காடிகளில் அதிகம் பார்க்க முடியாத ஒன்று இருந்தது. டேஷ்போர்டில் ஒரு திருகை நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்பினால் சூடான காற்று வரும். வாங்கிய அன்று அதைக் கேள்விப்பட்டு விக்னேஸ்வரன் சிரித்தார். "ஈப்போ வெயிலுக்கு ஹீட்டரா? எங்க லோரியில இஞ்சின்தான்லா ஹீட்டரு." ஆனால் முதல் மழைக்காலத்திலேயே கலாதேவிக்கு அதன் அருமை தெரிந்துவிட்டது. மலையில் மழையும் மூடுபனியும் சேர்ந்து வரும்போது உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சே கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். திருகைச் சிவப்புக்குத் திருப்பினால் போதும், கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிந்துவிடும்.

அந்த நவம்பர் மாதத்து மாலையில் அவள் திருப்பினாள், கண்ணாடி தெளியவில்லை.

பக்கத்தில் மெலிண்டா இருந்தாள். அதே கொட்டகையில் கணக்கு எழுதும் பெண். இரண்டு வரிசை தள்ளி வீடு. அவள் கணவன் கால்வின் லூமுட்டில் கப்பல் பட்டறையில் வேலை செய்துவிட்டு வாரக் கடைசியில் மட்டும் வருவான். மெலிண்டாவுக்கு அப்போது ஆறு மாதம்.

"என்னக்கா, சூடு வரலியா?"

"திருப்பிட்டேன் மெலிண்டா. லூசா சுத்துது. ஒண்ணும் வரல."

எதிரே இருந்த வளைவு மங்கி, கரைந்து, காணாமல் போனது. மெலிண்டா டிஷ்யூவால் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி வெளுத்தது. ஜன்னலை இறக்கினால் மழை உள்ளே அடித்தது. கலாதேவி தலையை வெளியே நீட்டி, ரோட்டின் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்து உருட்டினாள். அப்போது எதிரே ஹார்ன் அலறியது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். ஒரு லோரி அவர்கள் ஜன்னலை உரசுவதுபோல் கடந்து போனது. அது வாரி அடித்த சேற்றுத் தண்ணீர் கலாதேவியின் வாயில் மண்ணாகக் கரித்தது.

வேன் மலைச்சரிவை ஒட்டி நின்றது. மேலே ரோட்டுக்காக அறுத்துவிட்ட மண். அதிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு கூரைமேல் விழுந்தன. மெலிண்டா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் கலாதேவிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மழை விட்ட பிறகு, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

"ஏன் நேரமாச்சு?" என்று விக்னேஸ்வரன் கேட்டார்.

"மழை" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

கடைத்தெருவில் இருந்த வொர்க்‌ஷாப் ஃபோர்மேனிடம் வண்டியைக் காட்டினாள். அவர் திருகை இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது என்றார். "இங்க யார்லா ஹீட்டர் போடுறா? விட்டுடுங்க" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். கலாதேவியும் சிரித்துவைத்தாள். வேன் இல்லாமல் மலைக்குப் போக வழியில்லை. போகாவிட்டால் அவள் இடத்தில் நிற்க ஆள் காத்திருக்கிறது.

மெலிண்டாதான் ஒரு வீடியோவைத் தேடி அனுப்பினாள். எங்கோ ஒரு குளிர் நாட்டில், வாசலில் பனி குவிந்து கிடக்க, ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரி வண்டிக்குள் தலைகீழாகப் படுத்துக்கொண்டு வேலை செய்தான். அவன் பேசிய ஆங்கிலம் பாதி புரியவில்லை. கலாதேவி அவன் கைகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். டேஷ்போர்டை அவன் இறக்கவில்லை. முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கும் பெட்டியை மட்டும் கழற்றினான். ஆனால் அதன் பின்னால் ஓடிய ஒரு மஞ்சள் ஒயரைக் காட்டி, முகத்துக்கு நேரே கையை விரித்து ஏதோ எச்சரித்தான்.

"அது ஏர்பேக் ஒயர் அக்கா. தப்பா தொட்டா மூஞ்சில வெடிக்கும்ங்கிறான். மொத பேட்டரிய கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுடணுமாம்."

அதைக் கேட்டதிலிருந்து கலாதேவிக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விக்னேஸ்வரன் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கையில் அவள் சத்தமில்லாமல் வெளியே வந்தாள். அவருடைய பழைய ஸ்பானரை எடுத்து பேட்டரியின் முனையைத் தளர்த்தினாள். ஆனால் ஸ்பானர் சத்தம் லோரிக்காரர் காதுக்குத் தப்புமா. சுவரைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்.

"பேட்டரிய ஏன் கழட்டுற?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. வளைவு, லோரி, கூரைமேல் விழுந்த கல், எல்லாவற்றையும் சொன்னாள். வேனின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வண்டிய எடுக்காதன்னு சொல்லுவீங்க."

"சொல்லியிருப்பேன்" என்றார் விக்னேஸ்வரன். "அந்த ரோடு எனக்குத் தெரியும் கலா. எந்த வளைவுல எவன் விழுந்தான்னு தெரியும். சாயங்காலம் ஆனா நான் ரேடியோ கேக்குறேன்னு நெனைக்கிறியா? கேட் சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் பயப்படுவார் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"ஹீட்டரப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது" என்றார் அவர். "என்ன செய்யணும், சொல்லு."

அவள் பெட்டியைக் கழற்றினாள். முன்சீட்டுக்கு முன்னே தரையில் முதுகைக் கொடுத்துப் படுத்து, தலையை உள்ளே நுழைத்தாள். இருட்டாக இருந்தது. டார்ச் லைட்டை விக்னேஸ்வரன் கையில் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்து இடம் பார்த்து வைத்தாள். "இப்படியே புடிங்க, ஆட்டாதீங்க." அவர் ஆட்டவில்லை. தனக்குப் பயன்படாத வெளிச்சத்தை அவளுக்காக அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் ஒயர் அவள் மூக்குக்கு மேலேயே ஓடியது. பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது, காத்திருந்தும் ஆகிவிட்டது, ஆனாலும் கைபடும் ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வியர்வை காதுக்குள் வழிந்தது.

"இப்ப அந்தத் திருகைத் திருப்புங்க. மெதுவா."

அவர் தடவிப் பிடித்துத் திருப்பினார். உள்ளே ஹீட்டர் பெட்டியின் ஓரத்தில் ஒரு கேபிள் புழுவைப்போல் நெளிந்தது. ஆனால் அது இழுக்க வேண்டிய, சூடான காற்றைத் திறந்துவிடும் சின்னக் கைப்பிடி அசையவே இல்லை. மறுபடி திருப்பச் சொன்னாள். அப்போதுதான் தெரிந்தது. கேபிளின் மேலுறையைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தது. திருகைச் சுற்றினால் உள்கம்பி இழுபடாமல் கேபிள் மொத்தமும் நகர்ந்து போனது. கைப்பிடியை விரலால் தள்ளிப் பார்த்தாள். லேசாகவே நகர்ந்தது. அவ்வளவுதான் கோளாறு.

திருகை நீலத்தின் கடைசியில் நிறுத்தச் சொல்லி, கைப்பிடியையும் அதே பக்கம் தள்ளி, உறையைப் பழைய இடத்தில் அழுத்தி, கொட்டகையில் பூப்பெட்டி கட்டும் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கினாள். ஒன்று போதும் என்றுதான் தோன்றியது. பயத்தில் இன்னும் இரண்டு போட்டாள்.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள். டேஷ்போர்டில் ஏர்பேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது, பிறகு அணைந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. இஞ்சின் சூடானதும் திருகைச் சிவப்புக்குத் தள்ளினாள். கருகல் வாசம் வந்தது.

"நெருப்பு" என்று கதவைத் திறந்து குதித்தாள்.

விக்னேஸ்வரன் உள்ளே தலையை நீட்டி மோந்து பார்த்தார். "தூசி கருகுது. இரு, போயிடும்." போய்விட்டது. அதன்பிறகு வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், சூடான காற்று முகத்தில் அடிக்க, அந்த வேனுக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் கலாதேவிக்கு நிம்மதி வரவில்லை. ஃபோர்மேன் செய்திருந்தால் அது அவர் பொறுப்பு. இது இவள் கையால் கட்டியது. கட்டு அவிழ்ந்தால்? அவிழ்ந்த கம்பி பிரேக்கில் சிக்கினால்? காலையில் கிளம்பும்போது விக்னேஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும் வாரேன்."

"அங்க நாள் முழுக்க என்ன செய்வீங்க?"

"உக்காந்திருப்பேன். இங்க செய்யுறதுதானே."

அன்று மாலையும் மழை பிடித்துக்கொண்டது. விக்னேஸ்வரன் முன்சீட்டில், மெலிண்டா பின்சீட்டில். மூடுபனி இறங்கியது. கண்ணாடியின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. கலாதேவி திருகைச் சிவப்புக்குத் தள்ளினாள். குளிர்ந்த காற்றுதான் வந்தது. வெண்மை நடுவரை ஏறியது. அவிழ்ந்துவிட்டது, நினைத்தபடியே அவிழ்ந்துவிட்டது என்றே முடிவுகட்டினாள். ஓரம் கட்ட இடம் தேடினாள். அதற்குள் விரல் நுனியில் இளஞ்சூடு பட்டது. கண்ணாடியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தெளிவு தோன்றி, மெல்ல மேலே பரவியது.

அந்தத் தெளிவின் வழியாகத்தான் மரத்தைப் பார்த்தாள். வளைவு முடியும் இடத்தில், வேரோடும் மண்ணோடும் ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. பிரேக்கில் ஏறி நின்றாள். வேன் வழுக்கி, குலுங்கி, கிளைகள் முன்கண்ணாடியைத் தொடும் இடத்தில் நின்றது.

"என்ன?" என்றார் விக்னேஸ்வரன்.

"மரம்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மேல இருந்து லோரி எறங்குது. லோடு வண்டி. வளைவுல நம்மள அவனுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் எறங்குங்க."

மெலிண்டாவையும் அவரையும் ரோட்டோரத் தடுப்புக்கு அப்பால் நிறுத்தினாள் கலாதேவி. பிறகு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வளைவை நோக்கி மேலே ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று போனது. பனிக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் பெரிதாகி வந்தன. ஒதுங்கு, ஒதுங்கு என்று உடம்பு கெஞ்சியது. ஒதுங்காமல் டார்ச்சை ஆட்டிக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில் கத்தினாள். பிரேக் சீறியது. லோரி அவளைத் தாண்டி ஊர்ந்து, வேனுக்கு ஒரு வண்டி நீளம் தள்ளி நின்றது. ஓட்டியவர் இறங்கி மரத்தையும் வேனையும் பார்த்தார். தடுப்புக்கு அப்பால் நின்றிருந்த மெலிண்டாவின் வயிற்றைப் பார்த்தார். அடுத்து வரும் வண்டிகளை நிறுத்துவதற்கு மேலே நடந்தார்.

மரத்தை அறுக்க ஆட்கள் வரும்வரை வேனுக்குள் காத்திருந்தார்கள். சூடான காற்றில் மெலிண்டாவின் உடை காய்ந்தது. அவள் கண்ணயர்ந்துவிட்டாள். கலாதேவி மட்டும் ஸ்டீரிங்கை விடாமல் பிடித்திருந்தாள். விக்னேஸ்வரன் அவள் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழி திறந்தபோது, "என்னால இதுக்கு மேல ஓட்ட முடியாதுங்க" என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் கடந்து போகும்வரை பொறுத்திருந்தார். கடைசியில் அவளே கியரைப் போட்டாள்.

அவள் பயம் போனதென்று சொன்னால் அது பொய்யாகிவிடும். இப்போதும் ஞாயிறுதோறும் சாமான் பெட்டியைக் கழற்றி, அந்தக் கட்டுகளை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். மழை நாளில் விக்னேஸ்வரனும் கூட மலையேறுகிறார். கொட்டகையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. பூப்பெட்டி மடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி மாதம் மெலிண்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவர கால்வின் டாக்சி பிடிக்கப் போனான். மெலிண்டா விடவில்லை. "அக்கா வண்டியிலதான் போலாம்" என்றாள்.

அந்த ரோட்டில் மலையும் இல்லை, பனியும் இல்லை, நல்ல வெயில். கலாதேவி அவ்வளவு மெதுவாக ஓட்டியதால் சிம்பாங் பூலாய் வரை பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு ஹார்னுக்கும் குழந்தை முகத்தைச் சுளித்தது. "அடிச்சிட்டுப் போகட்டும், நீ பாட்டுக்கு ஓட்டு" என்றார் முன்சீட்டிலிருந்த விக்னேஸ்வரன்.